ஊராட்சியும் நாமும்



நம் கோவளம், திருப்போரூர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி. குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, இடுகாடு ஆகியன 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊராட்சியின் கடமைகள். சேரிக்கு அவை எப்போது வந்து சேரும் என்பது வேறு கதை.

அச்சட்டம் மக்கள்தொகை விகிதப்படி நமக்குத் தலைவர் பதவிகளை ஒதுக்கிற்று. பொறாதார் மேலவளவுத் தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றனர். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை நம்மவர் தலைமையில் ஊராட்சி இயங்கவே விட்டாரில்லை. பதவி கிடைத்த பின்னும், காசோலையில் துணைத்தலைவரும் ஒப்பமிட வேண்டுமென்ற விதியினால் கை கட்டப்பட்ட நம் தலைவர்கள் பலர்.

ஆயினும், கிராமசபையில் வரவு செலவைக் கேட்கும் உரிமை வாக்காளர் ஒவ்வொருவர்க்கும் உண்டு. குடியரசு நாளிலும் மே நாளிலும் அது கூடும். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களிலும் கூடும். நம் சங்கத்தில் எழுத்தறிந்தோர் அங்கே தீர்மானப் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டட்டும். அதன் பிறகு நம் தாய்மார்கள் கையொப்பமிடட்டும்.