மொழி மாயுமிடம்



ஒரு மொழி அரசாணையால் நலியும்; அடுப்பங்கரையிலேதான் மாயும். இசுகாட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் பிரோரா, கோல்சுபி, எம்போ என மூன்று ஊர்கள் உள்ளன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆட்டுப்பண்ணைகளுக்காக உள்நிலத்தினின்று துரத்தப்பட்டோர் அங்கே மீனவராயினர். அவர்தம் தாய்மொழி கேலிக், சுற்றிலும் ஆங்கிலம்.

1963-இல் அங்குச் சென்ற அமெரிக்க மொழியியலறிஞர் நான்சி தோரியன், அம்மக்களின் பேச்சைப் பல்லாண்டு ஆராய்ந்து 1981-இல் நூலாக்கினார். அவர் கண்டது என்ன? 1872-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் கேலிக்கின் பெயரே இல்லை. ஊரார் மீனவரைத் தாழ்த்திவைத்தனர். அவர் பேசிய மொழியும் அத்தாழ்வின் அடையாளமாயிற்று. மீன்பிடி நலிந்து இளையோர் வேறு தொழில் நாடியபோது, பெற்றோர் தம் மக்களிடம் ஆங்கிலமே பேசலாயினர். அதனால், பாட்டியின் பேச்சு முழுதும் விளங்கியும், அதைத் திருத்தமாகப் பேசவியலாதோர் தோன்றினர். அவர்களை 'அரைப் பேச்சாளர்' என்றார் தோரியன்.

இருமொழி அறிவு அம்மீனவர்க்குக் கேடு செய்யவில்லை. தாய்மொழியைப் பேச நாணியதே கேடாயிற்று. ஒரு மொழியின் நாளையை அறியக் கணக்கெடுப்பு ஏடு வேண்டா. பாட்டிக்குப் பேரன் எம்மொழியில் விடை சொல்கிறான் என்று செவிகொடுத்தாலே போதும்.