கொய்யாப்பழக் கிரம்பிள்: பங்களாக் குசினியிலிருந்து நம்ம அடுப்புக்கு

(ஹந்தானையில் பிள்ளைக் காம்பராவில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் துணி துவைக்க இருக்கும், விறகு பொறுக்க இருக்கும். அதை எல்லாம் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் பிள்ளைகளுக்கு நிறை பார்த்த அன்றைக்கு ஒரு அம்மா என்னிடம் வந்தார். "ஐயா, என் மகன் கண்டியில ஒரு கெஸ்ட் ஹவுஸ் குசினியில வேலை செய்றான். கொய்யாப்பழத்துல கிரம்பிள்னு ஒன்னு செய்றாங்களாம். வெள்ளைக்காரங்க விரும்பித் திங்கிறாங்களாம். நம்ம லயத்துக்குக் கீழ கொய்யா விழுந்து அழுகுது. அதை நம்ம பிள்ளைகளுக்குச் செய்யலாமா, இல்ல அது தொரமாரு சாப்பாடா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் என் அப்பா ஒரு பங்களாக் குசினியில் வேலை செய்தவர். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு வெள்ளைக்காரத் துரைமார் போய்விட்டார்கள். ஆனால் அவர்களுடைய சாப்பாடு போகவில்லை. பழைய அப்புமார் செய்ததைப் பார்த்துப் பழகி, அப்பாவும் புடிங் செய்வார், கிரம்பிள் செய்வார். அவர் சட்டையில் அந்தக் கறுவா வாசம் இருக்கும். அந்த வாசத்தைத்தான் நாங்கள் கண்டோம், பண்டத்தைக் காணவில்லை. கேட்டால், "அது தொரமாரு சாப்பாடு, நமக்கு ஆகாது" என்பார். அவரும் அப்படித்தான் நம்பினார். தன் கையால் செய்ததைத் தன் பிள்ளைக்குச் செய்யக்கூடாது என்று நினைக்கிற அளவுக்கு அந்த எண்ணம் ஊறிப் போயிருந்தது.

உண்மை என்ன தெரியுமா? கிரம்பிள் துரைமார் சாப்பாடே இல்லை. அது பஞ்சத்துக்குப் பேர்போன பண்டம். இங்கிலாந்தில் பழத்தை மூடி மாவு அப்பம் மாதிரி "பை" என்று சுடுவார்கள். அதற்கு மாவும் கொழுப்பும் நிறைய வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில், 1940 ஜனவரியில், அங்கே பட்டருக்கும் சீனிக்கும் பங்கீடு வந்தது. அந்த நாட்டு ஏழைத் தாய்மார் என்ன செய்தார்கள்? இருக்கிற கொஞ்ச மாவை, கொஞ்சக் கொழுப்போடு பிசிறி, தோட்டத்துப் பழத்துக்கு மேலே தூவிச் சுட்டார்கள். அப்படித்தான் கிரம்பிள் வீட்டுக்கு வீடு பரவியது. அதே யுத்தத்தில்தான் பர்மா அரிசி நின்று, 1942இல் இலங்கையிலும் அரிசிப் பங்கீடு வந்தது. அவர்களுக்கும் தட்டுப்பாடு, நமக்கும் தட்டுப்பாடு. அவர்கள் தட்டுப்பாட்டில் வீட்டுக்கு வீடு செய்த பண்டம் பங்களாவுக்கு வந்ததும் பெரிய இடத்துச் சாப்பாடு ஆகிவிட்டது. நாம்தான் தள்ளி நின்றுவிட்டோம்.

இப்போது ஏன் இதைச் சொல்கிறேன்? நம்ம பிள்ளைகளில் பலர் காலையில் ரொட்டியும் சாயத்தண்ணியும் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறார்கள். 2022 நெருக்கடியில் மா விலை ஏறியபோது அந்த ரொட்டியும் பாதியானதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் இரத்தச்சோகை இருக்கிறது. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறைகிறது. தேயிலையைப் பறிக்கிற நமக்கே இது கசப்பான செய்திதான். அதைச் சரிக்கட்டுவது விற்றமின் சீ. அது தோடம்பழத்தைவிடக் கொய்யாவில் பல மடங்கு அதிகம். அந்தக் கொய்யாவை வௌவாலுக்கு விட்டுவிட்டு, கடையில் பிஸ்கட் பக்கட் வாங்கிக் கொடுக்கிறோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சூடு காட்டினால் விற்றமின் சீயில் ஒரு பங்கு போய்விடும். அதனால் பச்சையாக ஒரு கொய்யா தினமும் பிள்ளை கையில் இருக்கட்டும். மிஞ்சுகிற பழத்துக்கும், அடிபட்ட பழத்துக்கும்தான் கிரம்பிள்.

இனிச் செய்முறை. ஆறு பேருக்குக் கணக்கு. பழுத்த கொய்யா முக்கால் கிலோ, கோதுமை மா 200 கிராம், மாஜரின் 100 கிராம், சீனி 80 கிராம், பழத்துக்குத் தனியாக 2 மேசைக்கரண்டி சீனி, ஒரு துண்டு கறுவா, பாதித் தேசிக்காய். எடைக்கணக்கை மனதில் வைக்க ஒரு வழி: மாவில் பாதி மாஜரின், அதைவிடக் கொஞ்சம் குறைவாகச் சீனி. மாவில் கால் பங்குக்குக் குரக்கன் மா சேர்த்தால் இன்னும் நல்லது.

முதலில் கொய்யாவை நாலாக வெட்டி விதைப் பகுதியைத் தோண்டி எடுங்கள். அதைக் கொட்டவேண்டாம், வடிகட்டியில் தேய்த்து விதையை மட்டும் எறியுங்கள். சாறும் பழமும் கறுவாவும் 2 கரண்டிச் சீனியும் கொஞ்சம் தண்ணியும் சேர்த்து, பத்து நிமிஷம் மூடி வேகவிடுங்கள். கொய்யா கெட்டிப் பழம், வேகாமல் சுட்டால் கடிக்க வராது. இறக்கித் தேசிக்காய் பிழியுங்கள். அன்னாசி, மாம்பழம், வாழைப்பழம் என்றால் வேகவைக்கத் தேவையில்லை.

அடுத்தது மேல்மா. மாவில் மாஜரினைச் சிறு துண்டாகப் போட்டு, விரல் நுனியால் பிசிறுங்கள். பிட்டுக்கு மா பிசிறுகிற மாதிரிதான். குழைக்கக் கூடாது, தண்ணி ஒரு சொட்டும் விடக்கூடாது. உதிர் உதிராக வந்ததும் சீனியைக் கலந்துவிடுங்கள். உள்ளங்கை சூட்டில் மாஜரின் உருகினால் ரொட்டி மாவாகிவிடும், அதற்குத்தான் விரல் நுனி.

ஒரு தகரத் தட்டில் பழத்தைப் பரப்பி, மாவை மேலே தூவுங்கள். அமுக்கவேண்டாம்.

"போறணைக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். போறணை நம்ம வீட்டிலேயே இருக்கிறது. பிபிக்கன் சுடுகிற சிங்கள வீடுகளில் மேலும் கீழும் தணல் வைப்பார்களே, அதே வேலை. கனமான பெரிய பானையில் ஒரு அங்குலம் மணல் போட்டு, மூன்று சின்னக் கல் வையுங்கள். பத்து நிமிஷம் சூடேற்றிவிட்டுத் தட்டைக் கல்லின் மேலே வைத்து, ரொட்டி சுடுகிற இரும்புத் தட்டால் மூடுங்கள். அந்த இரும்புத் தட்டின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்புங்கள். கீழே தணல் குறைவாக, மேலே கூடுதலாக. இதை மாற்றினால் அடி தீய்ந்து மேல் வெள்ளையாகவே இருக்கும். இருபது நிமிஷத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள். முப்பத்தைந்து, நாற்பது நிமிஷத்தில் மேலே பொன்னிறமாகி, ஓரத்தில் பழச்சாறு கொதித்து வரும். அதுதான் பதம்.

இரண்டு எச்சரிக்கை. இந்தத் தணல் வேலையை வாசலில் செய்யுங்கள். கதவு யன்னல் சாத்திய காம்பராவுக்குள் கரித்தணல் வைத்தால் நச்சுக்காற்று வரும். அதற்குப் புகையும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும். வேலை முடிந்ததும் தண்ணி ஊற்றி அணையுங்கள். இரண்டாவது, இறக்கியதும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். உள்ளே சீனிப்பாகு நெருப்பாக இருக்கும். கால் மணி நேரம் ஆறட்டும்.

தணல் வசதி இல்லாதவர்கள் மேல்மாவைத் தாச்சியில் போட்டு, சின்ன நெருப்பில் கிளறிக் கிளறிப் பொன்னிறமாக வறுத்து, வேகவைத்த பழத்தின் மேல் தூவுங்கள். அதுவும் ருசிதான்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இதைக் கொடுக்காமல், சீனி போடாத பழத்தை மசித்துக் கொடுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் வாரத்தில் ஒருநாள் போதும். சாப்பிட்டவுடன் சாயத்தண்ணி வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும்.

கடைசியாகத் தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. "சமையல் பொம்பளைங்க வேலை" என்று சொல்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். பங்களாக் குசினியில் இந்தப் பண்டத்தைச் செய்த அப்புமார் ஆம்பளைகள்தான். துரை வீட்டு அடுப்பில் நின்ற கைக்கு நம்ம வீட்டு அடுப்பு மட்டும் ஏன் கூச்சம்? உங்கள் சம்சாரம் ஆறு நாளும் மலையில் கூடை சுமக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தணல் மூட்டுகிற வேலை உங்களுடையதாக இருக்கட்டும்.

என் அப்பா வேலையை விட்டு வந்த பிறகு, ஒரு தீபாவளிக்கு எங்கள் லயத்து வாசலில், பானையும் ரொட்டித் தட்டும் வைத்து, கொய்யாவில் கிரம்பிள் செய்தார். அம்மா முதல் வாய் தின்றுவிட்டு, "இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷம் மறைச்சீங்க?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டு எல்லாருக்கும் இரண்டாம் முறை வைத்தார்.

அந்த இத்தனை வருஷம் உங்கள் வீட்டில் ஆகவேண்டாம். இந்த ஞாயிறே கீழே விழுந்த கொய்யாவைப் பொறுக்குங்கள். அடுத்த கூட்டத்தில் யாருடைய தட்டு நன்றாக வந்தது என்று ருசி பார்ப்போம்.