காலம் கடந்த இரு குரல்கள்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எகிப்து நாட்டின் இசையரசி உம்மு குல்தூம் 1975 பிப்ரவரி 3-ஆம் நாள் மறைந்தார். அரை நூற்றாண்டு சென்ற பின்னரும் அரபு மொழி வழங்கும் நாடுகளிலெல்லாம் அவர் பாடல்கள் ஒலித்த வண்ணம் உள்ளன. அவர் வாழ்ந்த நாளில், மாதத்தின் முதல் வியாழன் இரவு கெய்ரோ வானொலியில் அவர் பாடக் கேட்க மக்கள் காத்திருந்தனர். குரல் வளத்தோடு சொல் திருத்தமும் அவருக்கு வாய்த்திருந்தது. சிற்றூர்ப் பள்ளிவாசல் இமாமின் மகளாகிய அவர், இளமையிலேயே திருக்குர்ஆன் ஓதப் பயின்றவர். ஆகவே ஒவ்வோர் எழுத்தும் அவர் நாவில் உரிய இடத்தில் பிறந்தது. கல்லாதாரும் கவிதையின் சுவையைப் பருகினர்.

நமக்கும் அத்தகைய குரல் ஒன்று கிடைத்தது. 1916-இல் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் குரலே அது. உம்மு குல்தூம் தாய்மொழியில் பாடிப் புகழ் கொண்டார். நம் அம்மையாரோ பிறர் மொழிகளையும் எழுத்துப் பிழையாமல் பயின்று, அம்மொழியாரின் நெஞ்சில் குடிபுகுந்தார். 1947-இல் வெளிவந்த இந்தி 'மீரா' படத்தில் அவரை அறிமுகம் செய்து பேசியவர், இதே ஐதராபாத்தில் பிறந்த கவிக்குயில் சரோஜினி தேவியார் என்பது நமக்குப் பெருமை. பின்னாளில் திருமலை தேவஸ்தானத்தின் பொருட்டு அன்னமாச்சாரியரின் தெலுங்குக் கீர்த்தனைகளையும் அம்மையார் இசைத்தட்டில் பாடி அளித்தார். 2004-இல் அவர் மறைந்தார். எனினும் வைகறையில் இந்நகரின் தெலுங்கர் இல்லங்களில் அவர் குரலிலேயே சுப்ரபாதம் கேட்கிறோம். அயலார் குரலென்று அதனை எவரும் எண்ணுவதில்லை. தம் வீட்டுக் குரலாகவே கொள்கின்றனர்.

அன்பர்களே, பிழைப்பின் பொருட்டு இங்கே குடியேறிய நம் நிலை என்ன? காய்கறி வாங்கும் அளவுக்குத் தெலுங்கு, ஆட்டோக்காரரிடம் பேசும் அளவுக்கு உருது, அதோடு அமைந்துவிட்டோம். நம் பிள்ளைகளோ தமிழின் ழகரத்திலும் றகரத்திலும் தடுமாறுகின்றனர். வந்த மொழியும் நிறையவில்லை, சொந்த மொழியும் நிலைக்கவில்லை என்றால், எந்த வீட்டில் நம் குரல் சொந்தமாகும்?

ஆதலின் நம் இல்லந்தோறும் பிள்ளைகளுக்குத் தமிழைத் திருத்தமாகச் சொல்லப் பழக்குவோம். தெலுங்குப் பாடலைப் பொருளறிந்து பாடவும் கற்பிப்போம். பிறர் மொழியை மதித்து ஒலித்த நாவை அவர்கள் மறப்பதில்லை. அம்மையாரின் புகழ் அதற்குச் சான்று.