சுக்கான் கோணி நின்றால்



மன்னார்ப் பெருநிலத்தில், வங்காலைக்கு அண்மையில் நறுவிலிக்குளம் என்றோர் ஊர் உண்டு. நறுவிலி என்பது பசைப்பழம் தரும் மரம்; ஒட்டினால் எளிதில் விடாது. என் மைத்துனர் அவ்வூரவர். நறுவிலிப் பழம்போலவே அவரும் ஒரு காரியத்தைப் பிடித்தால் விடமாட்டார். அக்குணமே அவர் காரையும், அதில் நாள்தோறும் மன்னார்ப் பள்ளிக்கூடத்துக்குச் செல்லும் பிள்ளைகளையும் காத்தது என்பதே இன்று யான் சொல்லவந்த செய்தி.

2020 ஆம் ஆண்டில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. ஆதலால் பழைய கார்களைப் பழுதுபார்த்து ஓட்டுவதே நம்மவர் பலரின் நிலையாயிற்று. மைத்துனரும் தம் காரைத் தொலைவிலுள்ள நகரமொன்றில், விற்பனை முகவரின் பணிமனையில் ஒப்படைத்தார். முன்சில்லுகளின் இணைப்புக்கோல் முனைகள் மாற்றப்பட்டன; வீல் அலைன்மென்ட் எனப்படும் சில்லு நேர்ப்படுத்தலும் செய்யப்பட்டது. திரும்பி வரும் வழியிலேயே புதிய குறை தோன்றிற்று. கார் நேராக ஓட வேண்டுமாயின் சுக்கானை இடப்புறம் சற்றுத் திருப்பியே பிடிக்கவேண்டியிருந்தது. தொலைபேசியில் கேட்டபோது, "புதுச் சாமான் ஐயா, ஓட ஓடச் சரிவரும்" என்று விடை வந்தது. இரும்பு ஓட ஓடத் தேயும். கோணல் ஓட ஓட நிமிர்ந்ததாக யான் கேள்விப்பட்டதில்லை.

எனினும் பிறர்மேல் பழி சொல்லுமுன் நம் பக்கம் ஆராய்வது முறை. முதலில், கார் ஓடிச் சூடேறுமுன் நான்கு ரயர்களின் காற்றழுத்தத்தையும் அளக்கவேண்டும். ஒரு முன்ரயரில் காற்றுக் குறைந்தாலே கார் அப்பக்கம் இழுக்கும். அடுத்தது தெரு. மழைநீர் வடிவதற்காகத் தெருவின் நடு உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருக்கும். நாம் இடப்புறம் ஓட்டுபவர்கள். எனவே கார் மெல்ல இடப்பக்கம் சரிவது இயல்பே. அது வலப்பக்கம் இழுக்குமாயின் அப்பழியைத் தெருவின்மேல் போட இயலாது.

மூன்றாவது காற்று. கச்சான் வீசும் மாதங்களில் மன்னார்த் தாம்போதியில் கார் ஓட்டியவர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. தீவின் தென்கரையில் 2020 இல் முப்பது காற்றாலைகளை வீணே நாட்டினார்களா? போகும்போது ஒருபக்கம் தள்ளும் காற்று, வரும்போது மறுபக்கம் தள்ளும். போகவும் வரவும் ஒரே பக்கம் இழுத்தால் காற்று குற்றமற்றது. ரயரே குற்றவாளியா என அறிய, இரு முன்சில்லுகளையும் இடம் வலம் மாற்றிப் பார்க்கலாம். இழுப்பும் உடன் பக்கம் மாறினால் ரயரில்தான் குறை. ஒரே திசையில் மட்டும் சுழலவேண்டிய ரயர்களுக்கு இச்சோதனை ஆகாது.

மைத்துனரின் காரோ எப்பக்கமும் இழுக்கவில்லை. நேராகவே ஓடியது, சுக்கான் மட்டும் கோணி நின்றது. இந்த வேறுபாடு மிக முக்கியம். இழுப்பு வேறு, கோணல் வேறு.

ஊர் மெக்கானிக்கைக் கொண்டு காரைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தி அடியில் பார்த்தார்கள். சுக்கானின் அசைவை முன்சில்லுகளுக்குக் கொண்டுசெல்லும் கோல்கள் இடமும் வலமுமாக இரண்டு. ஒவ்வொன்றின் முனையிலும் திருகு மரை உண்டு. அதைத் திருகி நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் சில்லுகளை நேர்ப்படுத்துவர். இடக்கோலில் மரை நெடிது வெளியே தெரிந்தது. வலக்கோலில் சிறிதே தெரிந்தது. வலப்பக்க மரை துருவேறி இறுகியிருந்தது. கடலோர உப்புக்காற்றின் வேலை அது. பணிமனைத் தொழிலாளி இறுகிய பக்கத்தோடு மல்லாடாமல், இளகிய பக்கத்தை மட்டுமே திருகி முழுக்கணக்கையும் அதிலேயே தீர்த்துவிட்டார். இரு சில்லுகளுக்கும் இடையிலான கணக்கு மொத்தத்தில் சரியானால் ரயர் தேயாது, காரும் நேரே ஓடும். சுக்கானை நடுவில் நிறுத்திப் பூட்டாமல் அளந்தால் இயந்திரம் தரும் தாளிலும் எல்லாம் செம்மையாகவே தோன்றும்.

அவ்வளவோடு நின்றிருந்தால் கோணலைப் பொறுத்துக்கொள்ளலாம் எனச் சிலர் சொல்லக்கூடும். ஆனால் இடக்கோலின் நீளத்தைக் காக்கும் பூட்டுச்சுரை விரலால் சுழன்றது. இறுக்க மறந்திருக்கிறார்கள்! அது அவ்வாறே இருந்திருப்பின் கோல் அதிர்ந்து அதிர்ந்து நீளம் மாறியிருக்கும், மரையும் தேய்ந்திருக்கும். தாம்போதியின் இருபுறமும் நீர், காரினுள் பிள்ளைகள். மைத்துனர் அன்று மாலை எதுவும் உண்ணவில்லை என்று என் தங்கை சொன்னாள்.

சுரையை அவ்விடத்திலேயே இறுக்கினார்கள். சுக்கான் சில்லைக் கழற்றி நேராக மாட்டிவிடலாம் என ஒருவர் யோசனை கூறினார். அது குறையை மறைக்குமே தவிர நீக்காது. மேலும் புதிய கார்களில் சுக்கானுள் காற்றுப்பை வெடிமருந்தோடு இருக்கிறது. பழக்கமற்றவர் கைவைத்தல் ஆகாது. சுக்கான் எவ்வளவு திரும்பியது என்று கணினிக்கு அறிவிக்கும் உணர்கருவியும் பல கார்களில் உண்டு. நேரே ஓடும் காரை அது திரும்பும் காராகக் கருதினால் எச்சரிக்கை விளக்கு எரியும். வழுக்கும் தெருவில் வேண்டாத தடுப்பும் விழக்கூடும். எனவே கோல்களைச் சரிசெய்தபின் அக்கருவிக்கு நடுநிலையைப் புதிதாகக் கற்பிப்பதும் வேலையின் ஒரு பகுதியே.

மைத்துனர் இருபக்க மரைகளின் நீளத்தையும் அளந்து தாளில் எழுதிக்கொண்டு பணிமனைக்கு மீண்டும் சென்றார். சச்சரவு செய்யவில்லை. மேற்பார்வையாளரை அருகில் அமர்த்திச் சிறிது தூரம் ஓட்டிக் காட்டினார். முறைப்பாட்டை வேலைச்சீட்டில் எழுதச் சொன்னார். அளவுகள் எழுதிய தாளைக் கண்டதும் "ஓட ஓடச் சரிவரும்" என்ற பேச்சு அடங்கிற்று. துருவேறிய மரைக்கு எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்தார்கள். மறுநாள் சுக்கானை நடுவில் பூட்டி, ஒரு கோலை நீட்டிய அளவுக்கு மற்றதைக் குறுக்கினார்கள். கட்டணம் கேட்கவில்லை. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாள்கள் இரண்டையும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது இரு பூட்டுச்சுரைகளின்மேலும் கோலோடு சேர்த்து ஒரு வெள்ளைக்கோடு தீட்டியிருக்கிறார். சுரை நகர்ந்தால் கோடு பிரிந்து காட்டும். மாதத்துக்கு ஒருமுறை, விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்ப்பது அவர் மூத்த மகளின் பொறுப்பு.