பாஸ்கு நாளால் வந்த பிணக்கு
(யூபிலி தயாரிப்பு மாலைக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஆதித் திருச்சபையில் எல்லாம் ஒரே ஒழுங்காய் நடந்தது என்று எண்ணுகிறோம். விசுவாசம் ஒன்றுதான், வழக்கங்களோ பல. பாஸ்கு விழாவையே பாருங்கள். சின்ன ஆசியாவில் எபேசு, சிமிர்னா நகரத்தார் யூதரின் நிசான் மாதம் 14-ஆம் நாளையே, எந்தக் கிழமையானாலும், அனுசரித்தனர். அருளப்பர் காட்டிய வழி என்றனர். உரோமையில் ஞாயிறுதான். ஓர் ஊரில் ஒருசந்தி, மறு ஊரில் திருவிழா!

ஏறத்தாழ 155-இல் சிமிர்னா ஆயர் புனித போலிக்கார்ப் தள்ளாத வயதில் உரோமைக்கு வந்து, பாப்பரசர் அனிசேத்துவிடம் இதுபற்றிப் பேசினார். இருவரும் இணங்கவில்லை. ஆயினும் அனிசேத்து, தம் ஆலயத்தில் போலிக்கார்ப்பே பலிபூசை நிறைவேற்றும்படி இடங்கொடுத்தார். சமாதானமாய்ப் பிரிந்தனர்.

ஏறத்தாழ 190-இல் பாப்பரசர் விக்டர் இதற்கு முடிவுகட்ட நினைத்தார். பல நாடுகளில் ஆயர்கள் கூடி, ஞாயிறே என்றனர். எபேசு ஆயர் பொலிக்கிராத்தும் உரோமை கேட்டபடியே தம் நாட்டு ஆயர்களைக் கூட்டினார். உரோமையின் சொல்லுக்கு அன்றே அவ்வளவு மதிப்பு. ஆனால் முன்னோர் வழக்கத்தை விடமாட்டோம் என்று பதில் எழுதிவிட்டார். அவர் உறவினரில் ஏழு பேர் ஆயர்கள், இவர் எட்டாமவர், எளிதில் விடுவாரா? தேர் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று நம் கூட்டத்தில் எழும் சத்தம் எனக்குத் தெரியாததா!

விக்டர் ஆசியச் சபைகள் அனைத்தையும் உறவிலிருந்து நீக்க முற்பட்டார். அப்போது, இன்றைய பிரான்சு நாட்டிலுள்ள லியோன் நகர ஆயர் புனித இரனேயு குறுக்கிட்டார். சிறுவயதில் போலிக்கார்ப்பின் போதனையைக் கேட்டவர். ஆயினும் தாம் ஞாயிறையே கைக்கொண்டவர். உரோமைச் சபையின் மேன்மையைத் தம் நூலில் உயர்த்தி எழுதியவரும் இவரே. அவர்தாம், ஒருசந்தி முறை வேறுபட்டாலும் விசுவாசம் ஒன்றே என்றும், அனிசேத்து இதற்காக எவரையும் தள்ளவில்லை என்றும் பாப்பரசருக்கு எழுதினார். பாப்பரசரின் அதிகாரத்தை மறுத்தல்ல. அதைப் பயன்படுத்திய விதத்தைப் பற்றித்தான் எழுதினார். அப்படி எழுதியவரை 2022-இல் பாப்பரசர் பிரான்சிஸ் 'ஒற்றுமையின் மறைவல்லுநர்' என அறிவித்தார்.

325-இல் நிசேயா சங்கம் எல்லாருக்கும் ஞாயிறே என்று தீர்த்தது. ஆனாலும் நாட்காட்டி வேறுபடுவதால் நமக்கும் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கும் பெரும்பாலான ஆண்டுகளில் பாஸ்கு வெவ்வேறு ஞாயிறுகளில்தான் வருகிறது. 2025-இல் ஏப்ரல் 20 அன்று இரு சாராரும் ஒரே நாளில் கொண்டாடினோம்.