பிள்ளையாரே உட்கார்ந்துதான் இருக்கிறார்



பத்து மணிக்கு மைக்கை அணைக்கச் சொல்லிவிடுவார்கள். பொன்னாடை போர்த்தி, அதைப் படம் பிடித்து, படம் சரியாக வரவில்லை என்று மறுபடி போர்த்துகிற நேரத்தை இன்றைக்கு மட்டும் எனக்கே கொடுத்துவிடுங்கள்.

கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். உச்சிப் பிள்ளையார் கோயில் விளக்கு தெரிகிறதா? அவர் அங்கே எப்படி ஏறினார் என்ற கதை இந்தத் திருச்சியில் எல்லாப் பாட்டிகளுக்கும் தெரியும். இலங்கைக்குப் புறப்பட்ட விபீஷணன், காவிரிக் கரையில் ரங்க விமானத்தை ஒரு சின்னப் பையனிடம் கொடுத்துவிட்டு சந்தி பண்ணப் போனான். பையன் அதைத் தரையில் வைத்துவிட்டான். விமானம் அசையவில்லை. விபீஷணன் துரத்தினான், பையன் மலையுச்சிக்கு ஓடி உட்கார்ந்துகொண்டான். நெற்றியில் ஒரு குட்டு விழுந்தது. அதற்கும் அவர் எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் பெருமாள் காலை நீட்டிப் படுத்திருக்கிறார். எத்தனை ஆயிரம் பேர் வந்து நின்றாலும், "எந்திரிங்க, கஸ்டமர் வர்றாங்க" என்று அவரிடம் சொன்ன ஆள் கிடையாது.

மலைக்குக் கீழே என்.எஸ்.பி. ரோட்டில், சின்னக்கடை வீதியில், பெரியகடை வீதியில் மட்டும், காலை ஒன்பதரைக்கு நின்ற பெண் இரவு ஒன்பதரைக்கும் நின்றுகொண்டிருக்கிறாள்.

நானும் ஒன்பது வருஷம் நின்றவள்தான். எந்தக் கடை என்று சொல்லமாட்டேன். சொன்னால், "ஓ, அந்தக் கடையா, மத்த கடையெல்லாம் அப்படி இல்லை" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தது புடவை மடிக்க அல்ல. தண்ணீர் குடிக்காமல் இருக்க. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போகவேண்டும். பாத்ரூம் போக ஃப்ளோர் சூப்பர்வைசரிடம் கேட்கவேண்டும். கேட்டால் அவர் கையில் கட்டியிருக்கிற வாட்சைப் பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்குப் பயந்தே பகல் முழுக்க நாக்கு வறண்டு நின்றவர்கள் நாங்கள். அவரை நாங்கள் "அண்ணே" என்றோம். அவர் எங்களை "ஏய்" என்றார். பெயரே தெரியாதவர் இல்லை. சம்பள நோட்டில் பெயரை எழுதுகிறவரே அவர்தான்.

ஒரு நாள் மத்தியானம், கடையில் ஈ ஓட்டுகிற நேரம். கால் தாங்காமல் துணிக்கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷம் இருக்கும். "மகாராணி எந்திரிங்க" என்று ஒரு குரல். எழுந்துவிட்டேன். அந்தச் சொல்லை இன்னும் மறக்கவில்லை.

மகாராணி என்று சொன்னாரே, அந்த மகாராணியின் கதையையும் கேளுங்கள். விக்டோரியா மகாராணி உயிரோடு இருந்த காலத்தில், 1899-ல், பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கடையில் வேலை செய்கிற பெண்கள் மூன்று பேருக்கு ஓர் இருக்கையாவது கவுண்டருக்குப் பின்னால் போடவேண்டும் என்று. அப்போது நம்மையும் ஆண்டவர்கள் அவர்கள்தான். அந்த நாற்காலி மட்டும் கப்பல் ஏறவில்லை. சுதந்திரம் வந்தது. 1947-ல் சென்னை மாகாணத்தில் கடைகள் சட்டம் வந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதினார்கள். 1948-ல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. நின்று வேலை செய்கிற தொழிலாளி இடையில் உட்கார வசதி வேண்டும் என்று அதில் ஒரு பிரிவே வைத்தார்கள். ஆலைக்காரனுக்கு வலித்த கால் கடைக்காரிக்கு வலிக்காதா? கோட்டையில் இருந்தவர்களுக்கு அது தோன்ற 2021 ஆகவேண்டியிருந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 6-ம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். கடைகள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியருக்கும் ஏற்ற இருக்கை, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காரலாம். லண்டனிலிருந்து மெயின் கார்டு கேட்டுக்கு ஒரு நாற்காலி வந்து சேர 122 வருஷம்!

அதுவும் தானாக வரவில்லை. நமக்கு முன்னால் கேரளத்தில் கேட்டார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் பி. விஜி என்கிற தையல் வேலை செய்யும் பெண், கடைப் பெண்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்று ஆரம்பித்தார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி இல்லை, கழிப்பறை. 2014 கடைசியில் திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடையின் விற்பனைப் பெண்கள் வேலையிழந்து வாசலில் உட்கார்ந்தார்கள். 'இரிக்கல் சமரம்' என்று அதற்குப் பெயர். உட்காரும் உரிமைக்காக உட்கார்ந்தே செய்த போராட்டம். நூறு நாளைத் தாண்டியது. 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது.

சரி, சட்டம் வந்துவிட்டதே, அப்புறம் இந்தம்மாவுக்கு என்ன பிரச்சினை என்று அந்த டீக்கடைப் பக்கம் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. சொல்கிறேன் ஐயா.

ஒரு கடையில் ஸ்டூல் இருக்கும். சுவர் ஓரமாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். ஆய்வாளர் வந்தால் எடுத்துக் காட்ட. அதில் உட்காரும் தைரியம் எந்தப் பெண்ணுக்கும் வந்திருக்காது. ஏனென்றால் நம் ஊரில் உட்காருவது என்பது காலைப் பற்றிய விஷயம் இல்லை. யார் முன்னால் யார் உட்காரலாம் என்கிற விஷயம். பண்ணையார் வந்தால் எழு. திண்ணையில் ஏறாதே. தெருவில் கட்டிலைப் போடாதே. இதெல்லாம் பாட்டன் காலம் என்று நினைக்காதீர்கள். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் நடந்ததை நீங்கள் செல்போனில் பார்த்தீர்கள். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றத் தலைவர், பட்டியல் சமூகத்துப் பெண், கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் நாற்காலியில். அதே கண்தான் கடைக்குள்ளும் வருகிறது, சட்டை மாற்றிக்கொண்டு. அங்கே அதற்கு 'டிசிப்ளின்' என்று பெயர். 'கஸ்டமர் சர்வீஸ்' என்று பெயர்.

வியாபாரத்துக்கு அவசியம் என்றால் நான் ஒத்துக்கொள்வேன். முடிவெட்டுகிறவர் நிற்கிறார், வேலை அப்படி. ஆனால் பேங்கில் பணம் எண்ணிக் கொடுக்கிறவர் உட்கார்ந்திருக்கிறார். ஜங்ஷனில் டிக்கெட் கொடுக்கிறவர் உட்கார்ந்திருக்கிறார். அவமரியாதை என்று டிக்கெட் வாங்காமல் திரும்பியவர் யாராவது உண்டா? ஜெர்மனியில் சூப்பர் மார்க்கெட் கல்லாவில் உட்கார்ந்தே பில் போடுகிறார்கள், கடை திவாலாகவில்லை. நம்ம முதலாளியே கல்லாவில் உட்கார்ந்துதானே இருக்கிறார்! ஆளே இல்லாத நேரத்தில் ஒருத்தி நிற்பதால் ஒரு முழம் துணிகூட அதிகம் விற்காது. அந்த நிற்றல் வேலையே இல்லை. அது பணிவுக் காட்சி. பன்னிரண்டு மணி நேரக் காட்சி.

காட்சிக்குக் கொடுக்கிற விலை காலில் தெரியும். காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏற வேண்டுமானால் கெண்டைக்கால் சதை அமுக்கித் தள்ளவேண்டும். நடந்தால் தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் தள்ளாது. ரத்தம் தேங்கித் தேங்கி, உள்ளே இருக்கிற சின்னச் சின்ன வால்வுகள் கெட்டு, நரம்பு பச்சையாகப் புடைத்துக்கொள்ளும். நரம்புச் சுருட்டல். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொன்னால் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர் காட்டுவீர்கள்! மேடை நாகரிகம், வேண்டாம்.

தாயுமானவர் கோயில் நமக்கு மேலேதான் இருக்கிறது. காவிரியில் வெள்ளம், அம்மாவால் கடந்து வர முடியவில்லை, பிரசவ வலியில் ரத்னாவதி. சிவபெருமானே அம்மா வேஷத்தில் வந்து பிரசவம் பார்த்தார். அந்தக் கோயிலின் நிழலில், ஏழு மாச வயிற்றோடு அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். 1961-ன் மகப்பேறுச் சட்டத்தில், பிரசவம் நெருங்கும் நாட்களில் நெடுநேரம் நிற்கிற வேலை கொடுக்கக்கூடாது என்று எழுதியிருந்தது. தெளிவாக 'நெடுநேரம் நிற்பது' என்றே எழுதியிருந்தது. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: அவள் கேட்டால்.

அவள் கேட்டால்! இந்த ரெண்டு சொல்லுக்காகத்தான் நான் இன்றைக்கு மேடை ஏறினேன். பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது. ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்கிற பெண் ஊழியர் பட்ட கொடுமையிலிருந்து, உச்ச நீதிமன்றத்தின் 1997 விசாகா தீர்ப்பு வழியாக வந்த சட்டம். அதுவும் புகாரை எழுதிக் கொடு என்கிறது. சட்டமெல்லாம் வாசலில் வந்து உட்கார்ந்து, நம் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வாய் திறக்கிற பழக்கத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 1925-லிருந்து சுயமரியாதை என்று ஒரு சொல் இந்த மண்ணில் இருக்கிறது. இந்த ஊர்ச் சுவரெல்லாம் இருக்கிறது. மேடையில் நிமிர்ந்து நின்று சொல்ல நன்றாக இருக்கிறது. கவுண்டருக்குப் பின்னால் அதை நாம் கொண்டுபோனதே இல்லை.

இப்போதெல்லாம் கோட்டு போட்ட பயிற்சியாளர்கள் வருகிறார்கள். "உங்க மதிப்பை நீங்களே தீர்மானியுங்க, மரியாதை இல்லாத இடத்துல ஒரு நிமிஷம் இருக்காதீங்க" என்கிறார்கள். வேலையை விட்டால் நாளைக்கே இன்னொரு வேலை கிடைக்கிறவருக்கு அது சரி. ஹாஸ்டலில் தங்கி, வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவள் எந்த இடத்துக்குப் போவாள்? நம் சங்கத்துத் தோழர்கள் சிலரும் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள்: ஒருத்தி தனியாக என்ன செய்யமுடியும், சங்கம் வரட்டும், அதுவரை பொறு என்று. இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. 'இதற்கு மேல் விடமாட்டேன்' என்கிற கோட்டை முதலில் போடுகிறவள் ஒருத்திதான். அதை அழியாமல் காப்பதற்குத்தான் நாலு பேர்.

நான் போட்ட கோடு சின்னது. பெயர் சொல்லிக் கூப்பிடாதவருக்குத் திரும்புவதில்லை. அவ்வளவுதான். முதல் நாளே தோற்றேன். "ஏய்" என்றதும் கழுத்து தானாகத் திரும்பியது. பழகிய கழுத்து. எத்தனை முறை தோற்றேன் என்று கணக்கில்லை. ஒரு நாள் திரும்பவில்லை. "காது கேக்கலையா?" என்றார். "பேரு சொன்னா கேக்கும்ணே" என்றேன். கை நடுங்கிற்று. அந்த வாரம் என்னைக் குடோனுக்கு மாற்றினார்கள். ஆனால் மாடியிலிருந்த மற்ற பெண்கள் அதைப் பார்த்திருந்தார்கள். அப்புறம், நான் மாடிக்குத் திரும்பியபின், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கூட்டம் இல்லாத நேரத்தில், நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தோம். கோஷம் கிடையாது, கொடி கிடையாது. நாலு பேருக்கும் அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். மறுநாளும் உட்கார்ந்தோம். மூன்றாவது வாரம் எங்கள் மாடிக்கு இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. நாலு பேருக்கு இரண்டு. விக்டோரியா கணக்கைவிடப் பரவாயில்லை!

சின்ன விஷயம் என்று சிரிக்கிறவர்கள் பொன்மலைக்குப் போய்ப் பாருங்கள். 1946 செப்டம்பர் 5, ரயில்வே தொழிலாளர்கள்மேல் துப்பாக்கிச் சூடு; ஐந்து உயிர் போன இடம். இன்றைக்கும் அந்த நாளில் மாலை போடுகிறோம். அந்த ஊர்க்காரர்கள் நாம். ஒரு ஸ்டூலுக்குப் பயப்படலாமா?

முதலாளியைத் திட்டினேன், சூப்பர்வைசரைத் திட்டினேன், நீங்கள் கை தட்டினீர்கள். இனி தட்டமாட்டீர்கள். அந்த கஸ்டமர் யார்? நீங்கள்தான். நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, "சும்மா பாத்தோம்" என்று எழுந்து போகிறவர் நீங்கள். கவனியுங்கள், எழுந்து போகிறவர். உங்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. அவள் உட்கார்ந்திருந்தால், "என்னம்மா, ஆளு வந்தது தெரியலையா?" என்று மேனேஜரைத் தேடுகிறவரும் நீங்கள்தான். 2010-ல் வசந்தபாலன் துணிக்கடைப் பிள்ளைகளின் கதையாக 'அங்காடித் தெரு' படம் எடுத்தார். எல்லோரும் தியேட்டரில் அழுதோம். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வருஷத் தீபாவளிக்குப் போய்த் துணியும் எடுத்தோம். போங்கள், துணி எடுக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில்தான் எங்கள் சம்பளம் இருக்கிறது. போகும்போது அந்தப் பெண்ணிடம், "நீ உக்காந்துக்கிட்டே எடுத்துப் போடும்மா" என்று ஒரு வார்த்தை. மேனேஜர் காதில் விழுகிற மாதிரி. ஆடித் தள்ளுபடியில் அவளுக்கு அதைவிடப் பெரிய தள்ளுபடி வேண்டாம்.

மணி ஒன்பது ஐம்பது. பின்னால் அந்தச் சுவர் ஓரமாக நிற்கிற பிள்ளைகளை நான் ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடை சாத்தி நேராக வந்திருக்கிறீர்கள், யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. முன்வரிசையில் பிரமுகர்களுக்கென்று துண்டு போட்டு வைத்த நாற்காலி பன்னிரண்டு காலியாகவே கிடக்கிறது. வருகிறவர்கள் இனி வரமாட்டார்கள். தோழர், அந்தத் துண்டையெல்லாம் எடுத்துவிடுங்கள். வாங்க பிள்ளைகளா, வந்து உட்காருங்க. நீங்கள் உட்கார்ந்த பிறகு அடுத்த தோழர் பேசட்டும்.