தாங்கல் எங்கே?



செங்கற்பட்டு என்று நாம் அழைக்கும் ஊருக்குச் செங்கழுநீர்ப்பட்டு என்பது பழம்பெயர் என்பர். செங்கழுநீர் தரையில் பூக்கும் மலரன்று. தண்ணீரில் பூக்கும் மலர். மதுராந்தகம் பக்கம் சென்றால் வேடந்தாங்கல். தாங்கல் என்றால் என்ன? மழைநீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரி! ஊரின் பெயரிலேயே தண்ணீருக்கு இடம் ஒதுக்கினான் அன்றைய தமிழன். ஊரின் வரைபடத்தில் அதற்கு இடம் ஒதுக்க மறந்தான் இன்றைய தமிழன். பெயரில் தாங்கல் இருக்கிறது. நிலத்தில் தாங்கல் எங்கே? இதுவே இன்று உங்கள் முன் நான் வைக்கும் வினா.

2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களை மறந்திருக்க மாட்டீர்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை! முடிச்சூர் மூழ்கிற்று. அடையாறு ஆர்ப்பரித்தது. மாடியேறி நின்ற மக்கள் படகுக்காகக் காத்திருந்தனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மழை ஓய்ந்த பிறகும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் வெள்ளம் வடியவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே குரல்தான் கேட்கிறது: "வடிகால் போதவில்லை!"

வடிகால் வேண்டாம் என்பவனல்லன் நான். வேண்டும், தூர் வாரப்பட்டதாக வேண்டும், ஒன்றோடொன்று இணைந்ததாக வேண்டும். ஆனால், மணிக்கு இவ்வளவு மழை என்று கணக்கிட்டுக் கட்டப்படுவதுதான் வடிகால். அந்தக் கணக்கைப் பார்த்தா வானம் பொழிகிறது? வடிகால் நிரம்பி வழியும் நேரம் வந்தே தீரும். அந்த நேரத்தில் தெருவே ஆறு. தாழ்ந்த வீடே ஏரி! வெள்ளம் எங்கே நிற்பது என்பதை நாம் முன்கூட்டி முடிவு செய்யாவிட்டால், வெள்ளமே முடிவு செய்துவிடும். அது செய்யும் முடிவு பெரும்பாலும் ஏழைக்கு எதிரான முடிவு. தண்ணீர் தேடுவது தாழ்ந்த இடத்தை. நம் சமுதாயம் ஏழையைத் தள்ளி வைத்திருப்பதும் தாழ்ந்த இடத்தில்தானே!

பெரும்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையின் ஆற்றங்கரைக் குடிசைகளில் வாழ்ந்தோரை, 2015 வெள்ளத்துக்குப் பின் கொண்டுவந்து குடியேற்றிய இடங்களுள் அதுவும் ஒன்று. அருகே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்று உலகம் போற்றும் நிலம். குப்பைமேடும் கட்டடங்களும் தின்று தீர்த்தது போக, இன்று மிஞ்சியிருப்பது அதன் சிறு பகுதியே. அங்கே சேரும் நீர் ஒக்கியம் மடுவைக் கடந்து, பக்கிங்காம் கால்வாயில் தெற்கே ஓடி, முட்டுக்காட்டில் கடலோடு கலக்க வேண்டும். கடல் பொங்கி நிற்கும்போது, முகத்துவாரம் மணல்மேடிட்டுக் கிடக்கும்போது, அந்த நீர் எங்கே போகும்? வந்த வழியிலேயே தேங்கும். ஆற்று வெள்ளத்திலிருந்து மீட்டவர்களைச் சதுப்பு வெள்ளத்தின் வாசலில் நிறுத்தினோமே, இதற்குப் பெயர் மறுவாழ்வா?

முட்டுக்காட்டிலிருந்து இன்னும் தெற்கே, அதே கடற்கரையில் மாமல்லபுரம் இருக்கிறது. அங்குள்ள பெரும்பாறைச் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். தவம் செய்பவன் அருச்சுனனா, பகீரதனா என்று அறிஞர்கள் வாதிடட்டும். நமக்குப் புராணம் வேண்டாம். உளி சொல்லும் உண்மை போதும். பாறையின் நடுவே ஒரு பிளவு. சிற்பி அதை அடைக்கவில்லை. நாகர்களைச் செதுக்கி, நீர் இறங்கும் வழியாகவே அதை ஆக்கினான். மேலே தொட்டி அமைத்து, அதன் வழியே நீரை விழச் செய்தார்கள் என்பது ஆய்வாளர் கருத்து. கல்லைச் செதுக்கியவன் தண்ணீருக்கு வழிவிட்டான். காங்கிரீட் கொட்டுகிறவர்களோ தண்ணீரின் வழியை மறித்தார்கள்!

அந்த அறிவு சிற்பிக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை, உழவனுக்கும் இருந்தது. இந்த மாவட்டத்து ஏரிகள் ஒரு சங்கிலியின் கண்ணிகள். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே உபரிநீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். மதுராந்தகத்தில் ஏரியைக் காத்தவர் இராமர் என்று கதை சொல்வார்கள். கரையைக் காத்தவை கூடை சுமந்த கூலிக் கைகள் என்று நான் சொல்வேன். அந்தச் சங்கிலியை அறுத்து, கலங்கல் வாய்க்காலில் மனைப்பிரிவு போட்டவர்கள் யார்? மழையா? மனிதனா?

மேலைநாட்டார் இப்போதுதான் நம் தாங்கலைக் கற்கிறார்கள். 2011 ஜூலை 2ஆம் நாள் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் சில மணி நேரத்தில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் மழை கொட்டி நகரையே முடக்கியது. அவர்கள் குழாயை மட்டும் பெரிதாக்கவில்லை, பூங்காவைப் பள்ளமாக்கினார்கள். எங்காவே என்னும் பூங்கா, பெருமழையின்போது 2 கோடி லிட்டருக்கும் மேற்பட்ட நீரைத் தாங்கும் வகையில் திருத்தி அமைக்கப்பட்டது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 2013இல் ஒரு சதுக்கம் திறந்தார்கள். வெயில் நாளில் அது பந்தாடும் களம். மழை நாளில் 17 லட்சம் லிட்டர் நீர் தங்கும் குளம்! நம் நாட்டிலும் 2024இல் கிண்டி குதிரைப் பந்தயத் திடலை அரசு மீட்டபோது, அங்கே குளங்கள் வெட்டப்பட்டன. பந்தயம் ஓடிய இடத்தில் மழைநீர் நின்றது. இது செய்யக்கூடிய செயல் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆகவே கேட்போம். கூடுவாஞ்சேரியிலும் செங்கற்பட்டிலும் புதிதாய் அமையும் ஒவ்வொரு திடலும் தெருவைவிட இரண்டடி தாழட்டும். படிக்கட்டு வைத்துக் கட்டப்படட்டும். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் கொட்டும் வழக்கம் ஒழியட்டும். சாலை உயர உயர ஏழையின் வாசலன்றோ பள்ளமாகிறது! கோவளம் முதல் மாமல்லபுரம் வரை கடலோர மணல் மழையைக் குடித்துக் கிணற்றுக்குக் கொடுக்கும் தாய்; அவள் வாயைச் சிமெண்டால் அடைக்காதிருப்போம்.

"திடலில் தண்ணீர் நின்றால் கொசு பெருகாதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நின்ற நீர் ஓரிரு நாளில் வடியுமாறு மதகு வேண்டும். சாக்கடை அதில் கலக்காதிருக்க வேண்டும். இரண்டும் பொறியாளருக்குத் தெரிந்த வேலை. செய்ய வைப்பது நம் வேலை.

தோழர்களே, கிளைக் கழகம்தோறும் பழைய நில வரைபடத்தை வாங்குங்கள். உங்கள் வட்டத்தில் ஏரி எது, தாங்கல் எது, கலங்கல் வாய்க்கால் எது என்று முதியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதை உள்ளாட்சி மன்றத்தில் எடுத்து வையுங்கள். அந்த வாய்க்காலின்மேல் நம் கொடி கட்டிய வீடு நின்றாலும் மறைக்காதீர்கள், மாற்றானின் ஆக்கிரமிப்பை மட்டும் காணும் கண், கண்ணன்று, புண்! அகற்றும் நாள் வரும்போது ஏழைக்கு முதலில் மாற்று வீடு, மேட்டு நிலத்தில் வீடு என்று போராடவும் தயங்காதீர்கள்.

வெள்ள நாளில் உணவுப் பொட்டலம் சுமந்தீர்கள், பாராட்டுகிறேன். ஆனால் பொட்டலத்துக்குக் கை நீட்ட வேண்டிய நிலை மக்களுக்கு வராமல் காப்பதே அரசியல். அடுத்த மழை நம் தேர்தலுக்காகக் காத்திருக்காது. அது வருமுன் தாங்கலைத் தேடுவோம். தண்ணீருக்கு இடம் கொடுப்போம். ஏழையின் வீட்டை அந்த இடமாக்காதிருப்போம்!